செத்துப்போன மென்பொருளும் எங்க ஊர் மடைக்கணக்கும்

விற்பதையே நிறுத்திவிட்ட ஒரு பழைய மென்பொருளை, அதைச் செய்த கம்பெனி இலவசமாக விட்டுவிட்டால் யாருக்கு என்ன நட்டம்? இதைக் கல்லூரியில் ஒரு நண்பனிடம் கேட்டேன். "எந்த கேம்டா ஆடணும் உனக்கு?" என்றான். கேமெல்லாம் ஒன்றும் இல்லை நண்பர்களே. இது தமிழ் எழுத்து சம்பந்தப்பட்ட சமாச்சாரம். கொஞ்சம் நீளமாகத்தான் போகும், பொறுமையாகப் படியுங்கள்.

எங்க ஊர் கல்லிடைக்குறிச்சி. அம்பாசமுத்திரத்துக்கு எதிர்க்கரை. அப்பளத்துக்குப் பேர்போன ஊர் என்று வெளியூர்க்காரர்களுக்குத் தெரியும். கன்னடியன் கால்வாய்ப் பாசன ஊர் என்பது வயல் வைத்திருப்பவர்களுக்குத்தான் தெரியும். தாமிரபரணியில் அணை கட்டித் திருப்பிய தண்ணீர் கால்வாயில் ஓடி, மடை மடையாகப் பிரிந்து வயலுக்குப் போகும். ஒவ்வொரு மடைக்கும் ஒரு பேர், எவ்வளவு நிலம், யாருக்கு எந்த முறை என்று ஒரு கணக்கு உண்டு. எங்க தாத்தா அதையெல்லாம் கேட்டுக் கேட்டு ஒரு கணக்கு நோட்டில் எழுதி வைத்திருந்தார். 1997ல் அதை ஊரிலிருந்த ஒரு டைப்பிங் சென்டரில் கொடுத்து கம்ப்யூட்டரில் அடிக்கச் சொன்னார். மொத்தம் 112 பக்கம்.

நோட்டைக் கரையான் தின்றுவிட்டது. எடுத்த ஒரே பிரிண்ட், படிக்கக் கேட்டு வாங்கிப் போன யாரோ ஒருவர் வீட்டில் தங்கிவிட்டது. தாத்தாவும் 2006ல் போய்விட்டார். மிச்சம் இரண்டு பிளாப்பி. ஆச்சி அதை இத்தனை வருஷம் துணிமணிக்கு நடுவில் பத்திரமாக வைத்திருந்தாள் (மனிதர்களைவிடப் பிளாப்பிகள் சில சமயம் ஆயுசு கெட்டி). யுஎஸ்பி பிளாப்பி டிரைவ் ஒன்று வாங்கிப் போட்டதில் கோப்பு முழுசாகப் படிபட்டது. ஆனால் திறக்கவில்லை. திறக்க வேண்டிய மென்பொருள் செத்துப்போய் இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது.

டைப்பிங் சென்டர் அண்ணாச்சியைத் தேடிப் போனேன். இப்போது ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார். மென்பொருள் இருந்த பிளாப்பிகளும் கையேடும் அவரிடம் இருந்தன, தயங்காமல் எடுத்துக் கொடுத்தார். பூட்டுதான் இல்லை. பூட்டு என்றால், அந்தக் காலத்தில் பிரிண்டர் ஒயர் மாட்டுகிற இடத்தில் செருகும் தீப்பெட்டி அளவு சாமான். டாங்கிள் என்பார்கள். அது செருகியிருந்தால்தான் மென்பொருள் ஓடும், எழுத்துரு வேலை செய்யும். "பழைய பொட்டிய காயலாங்கடைக்குப் போடும்போது பின்னாடியே செருகிக் கெடந்து போயிட்டுடே" என்றார். பழைய விண்டோஸை என் மடிக்கணினிக்குள்ளேயே எமுலேட்டரில் ஓட்டி, மென்பொருளை ஏற்றிப் பார்த்தேன். பூட்டைக் காணோம் என்று ஒரு கட்டம் வந்தது. அத்தோடு சரி.

இங்கேதான் நாம் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இதே தாத்தா இங்கிலீஷில் எழுதியிருந்தால் எனக்கு இந்தப் பாடே இல்லை. 1980களில் அடித்த இங்கிலீஷ் கோப்பைப் பெரும்பாலும் இன்றைக்கு நோட்பேடில் திறந்தால், நடுநடுவே குப்பை இருக்கும், எழுத்துகள் இருக்கும். ஏனென்றால் இங்கிலீஷ் எழுத்துக்கு எந்த எண் என்பதை ஏறக்குறைய எல்லோரும் சேர்ந்து முன்பே முடிவு செய்திருந்தார்கள். தமிழுக்கு அப்படி இல்லை. யூனிகோடில் 1991லேயே தமிழுக்கு இடம் கொடுத்தாயிற்று. ஆனால் விண்டோஸ் 2000 வந்த பிறகுதான் அது சாதாரண ஆட்கள் கைக்கு எட்டியது. அதுவரை ஆளுக்கொரு குறியீடு. 256 கட்டத்துக்குள் எந்தத் தமிழெழுத்தை எங்கே உட்கார வைப்பது என்பதை ஒவ்வொரு கம்பெனியும் தன் இஷ்டத்துக்குத் தீர்மானித்தது.

பாமினி எழுத்துருவில் 'அம்மா' என்று அடித்ததை வேறு எழுத்துருவில் திறந்தால் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று ஐந்து இங்கிலீஷ் சமாச்சாரம் நிற்கும். பாமினி ஊரறிந்த எழுத்துரு, அதனால் மாற்றித் தரும் கருவி எங்கும் கிடைக்கும். எங்க தாத்தா கோப்பை அடித்த மென்பொருளின் குறியீடு அந்தக் கம்பெனிக்கு மட்டும் தெரிந்தது. ஆகவே இங்கிலீஷ்காரனுக்கு மென்பொருள் செத்தால் பேனா தொலைந்த மாதிரி. நமக்கு அரிச்சுவடியே தொலைந்த மாதிரி.

"அதான் கண்டுபிடிச்சிடலாமே, கம்ப்யூட்டர் சயின்ஸ்தானே படிக்கிறே?" என்று கேட்பீர்கள். கண்டுபிடித்தோம். நானும் விடுதித் தோழன் ஒருவனும் கோப்பைப் பிளந்து, எந்த எண் எத்தனை தடவை வருகிறது என்று எண்ணினோம். 'மடை', 'தண்ணீர்', 'வயல்', 'கால்வாய்' எல்லாம் திரும்பத் திரும்ப வரும் என்று தெரியும். அவற்றைப் பிடித்துக்கொண்டு மூன்று வாரத்தில் எழுத்து ஏறக்குறைய எல்லாவற்றையும் எடுத்துவிட்டோம். மாட்டிக்கொண்டது ஏழு குறிகளில்.

அவை பின்னக் குறிகள். தாத்தா நிலத்தை ஏக்கர் சென்டில் எழுதவில்லை. பழைய கணக்குப்படி மா, காணி, முந்திரி என்று, அதற்குரிய பழைய தமிழ்க் குறிகளிலேயே அடிக்கச் சொல்லியிருக்கிறார். மா என்றால் இருபதில் ஒன்று. காணி எண்பதில் ஒன்று. அரைக்காணி நூற்றறுபதில் ஒன்று. முந்திரி முந்நூற்றிருபதில் ஒன்று. பத்திரம் எழுதுபவர்கள், பஞ்சாங்கம் போடுபவர்களுக்காக அந்தக் கம்பெனி இவற்றையெல்லாம் எழுத்துருவில் சேர்த்திருந்தது. நல்ல காரியம்தான். ஆனால் எந்த எண்ணுக்கு எந்தக் குறி என்பதை எப்படி ஊகிப்பது? எழுத்தென்றால் பக்கத்து எழுத்து காட்டிக்கொடுக்கும். 'இந்த மடையில் இன்னாருக்கு இவ்வளவு' என்னும் இடத்தில் காணி வந்தாலும் வாக்கியம் சரி, அரைக்காணி வந்தாலும் சரி. மொத்தம் போட்டுக் கூட்டிச் சரிபார்க்கலாம் என்றால் தாத்தா பல இடங்களில் மொத்தமே போடவில்லை. பாதிக்குப் பாதி வித்தியாசம் வருகிற கணக்கை ஊகத்தில் எழுதி, இது தாத்தா சொன்னது என்று ஊரில் காட்ட முடியுமா? அடிதடியாகிவிடும் :-)

ஆகவே கம்பெனியிடம் கேட்பது ஒன்றுதான் வழி. கேட்பதற்கு முன்னால், வேறு யாராவது இப்படிக் கேட்டிருக்கிறார்களா, கேட்டுக் கிடைத்திருக்கிறதா என்று தேடினேன். நிறையவே இருக்கிறது. எனக்குப் பாடமாக இருந்தவற்றை மட்டும் சொல்கிறேன்.

முதலில் ஆம்ஸ்ட்ராட். சின்க்ளேர் ஸ்பெக்ட்ரம் என்ற வீட்டுக் கணினியின் உரிமையை 1986ல் வாங்கிய பிரிட்டிஷ் கம்பெனி. அந்தக் கணினியை எமுலேட்டரில் ஓட்ட, அதன் ராம் சில்லில் இருந்த நிரல் வேண்டும் (ராம் என்றால் இங்கே அழியாத நினைவகம், ஆர்-ஓ-எம்). 1999ல் எமுலேட்டர் எழுதுபவர்கள் கேட்டபோது, கம்பெனியைச் சேர்ந்த கிளிஃப் லாசன் பொதுவில் பதில் சொன்னார். தாராளமாகச் சேர்த்துக்கொள்ளுங்கள், காப்புரிமை வாசகத்தை மட்டும் மாற்றாதீர்கள் என்பது சாரம். உரிமை கம்பெனியிடமே இருக்கிறது, அனுமதி மட்டும் ஊருக்கு. இரண்டும் ஒன்றாக இருக்க முடியும் என்று எனக்குக் காட்டியது இதுதான்.

அடுத்தது போர்லண்ட். நம் லேபில் நீலத் திரையோடு வருமே டர்போ சி, அதே ஆட்கள். 2000ஆம் ஆண்டுவாக்கில் டர்போ பாஸ்கல், டர்போ சி 2.01 போன்ற பழைய பதிப்புகளை 'பழம்பொருள்' என்றே பேர் வைத்து இலவசமாக இறக்கிக்கொள்ள விட்டார்கள். அதனால் அவர்கள் புதுச் சரக்கு விற்காமல் போகவில்லை.

மூன்றாவது சிபி/எம். டாஸுக்கு முந்தைய இயக்குதளம். 2001ல் அதன் உரிமை லினியோ என்ற கம்பெனியிடம் இருந்தபோது டிம் ஓல்ம்ஸ்டெட் என்ற ஆர்வலர் கேட்டு, தன் தளத்தில் வைக்க அனுமதி வாங்கினார். அவர் பிறகு இறந்துபோனார். அந்த அனுமதி அவர் தளத்துக்கு மட்டுமா, எல்லோருக்குமா என்ற சந்தேகம் இருபது வருஷம் ஓடியது. 2022ல்தான் பிரையன் ஸ்பார்க்ஸ் 'எல்லோருக்கும்தான்' என்று தெளிவாக எழுதிக்கொடுத்தார். பாடம்: வாய்வார்த்தையில், ஒரு ஆளுக்கு மட்டும் என்று வாங்காதே.

நான்காவது பிளெண்டர். 2002ல் கம்பெனி மூடியதும், முதலீட்டாளர்கள் ஒரு லட்சம் யூரோ கொடுத்தால் விட்டுவிடுகிறோம் என்றார்கள். உருவாக்கிய டோன் ரோசண்டால் ஊரெல்லாம் கேட்டு ஏழே வாரத்தில் திரட்டினார். அந்த வருஷம் அக்டோபரில் நிரல் வெளிவந்தது. இன்றைக்கு முப்பரிமாண வேலை கற்கும் மாணவன் பைசா செலவில்லாமல் தொடங்குவது அதில்தான்.

மைக்ரோசாப்ட்கூட டாஸின் ஆரம்பப் பதிப்புகளின் நிரலை 2014ல் கலிபோர்னியாவிலுள்ள கணினி வரலாற்று அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தது. 2018ல் அதைக் கட்டற்ற உரிமத்தில் விட்டது. 2024ல் டாஸ் 4.00ஐயும் விட்டது.

எல்லாம் சுபம் என்று நினைத்துவிட வேண்டாம். அடோபி 2013 ஜனவரியில் சிஎஸ்2 மென்பொருள்களின் சரிபார்ப்பு சர்வரை நிறுத்தியபோது, வாங்கியவர்களுக்காகப் பூட்டில்லாத பதிப்பையும் வரிசை எண்ணையும் போட்டது. உலகமே இலவசம் என்று பாய்ந்தது. இலவசம் இல்லை, ஏற்கனவே வாங்கியவர்களுக்கு மட்டும் என்று கம்பெனி பிறகு விளக்கம் கொடுக்க வேண்டியதாயிற்று. நம் ஊர் டிடிபி சென்டர்களில் கல்யாணப் பத்திரிகையிலிருந்து கும்பாபிஷேக மலர் வரை அடித்துத் தள்ளிய பேஜ்மேக்கரும் அதே அடோபியுடையதுதான். 2001ல் வந்த 7.0க்குப் பிறகு பெரிய பதிப்பே வரவில்லை. அந்தக் கோப்புகளை இன்டிசைனின் சிஎஸ்6 வரைதான் திறக்கும், பிறகு வந்தவை திறக்காது. ஒவ்வொரு சின்ன ஊர் அச்சகத்திலும் எத்தனை தலபுராணம், எத்தனை பள்ளிக்கூட மலர் அப்படிக் கிடக்கிறதோ!

வேர்ட்ஸ்டார் கதை இன்னும் பரிதாபம். அதில் நாவல் எழுதும் கனடா எழுத்தாளர் ராபர்ட் ஜே. சாயர், 2024ல் வேர்ட்ஸ்டார் 7ஐக் கையேடுகளோடு தானே தொகுத்துப் போட்டார். கம்பெனி கைமாறிக் கைமாறி, கேட்பாரும் இல்லை, கொடுப்பாரும் இல்லை என்ற நிலை. ஆகவே கேட்பதென்றால் பதில் சொல்ல ஆள் இருக்கும்போதே கேட்டுவிட வேண்டும்.

தமிழில் என்ன நடந்திருக்கிறது என்று கேட்பீர்கள். நம்மில் பலர் முதன்முதலில் யூனிகோடில் தட்டியது இ-கலப்பையில். அதன் ஆரம்பப் பதிப்புகள் கீமேன் என்ற மென்பொருளின் முதுகில் ஏறி ஓடின. கீமேனை எழுதியவர் மார்க் டர்டின். அது விலைக்கு விற்ற சரக்கு. 2015ல் எஸ்ஐஎல் என்ற மொழி நிறுவனத்திடம் போய், பிறகு முழுக்க இலவசமாகி, 2018ல் நிரலும் திறந்துவிடப்பட்டது. நம் அரசாங்கமும் 2005 ஏப்ரலில் தமிழ் எழுத்துருக்கள், விசைப்பலகை, தமிழ் ஓப்பன் ஆபீஸ் எல்லாம் அடங்கிய குறுந்தகடு ஒன்றை இலவசமாக வெளியிட்டது. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தையும் சொல்ல வேண்டும். அதை நடத்தும் கல்யாணசுந்தரம், மயிலை எழுத்துருவைச் செய்து இலவசமாகவே கொடுத்தவர். பழைய குறியீட்டில் தொடங்கி, திஸ்கிக்குப் போய், யூனிகோடுக்கு மாறி, அந்த நூல்கள் இன்றும் படிக்கக் கிடைக்கின்றன. காரணம் எளிது. எந்த எண்ணுக்கு எந்த எழுத்து என்ற அட்டவணை எல்லோர் கையிலும் இருந்தது. அட்டவணை இருந்தால் மென்பொருள் செத்தாலும் எழுத்து சாகாது.

இதைப் படித்த பிறகு நான் கேட்க வேண்டியது என்ன என்று தெளிவாகிவிட்டது. கடிதத்தில் மூன்று படி வைத்தேன். முதல் படி, எழுத்துருவின் குறியீட்டு அட்டவணை. இரண்டாம் படி, பூட்டில்லாமல் ஓடும் பதிப்பை, உரிமையைக் கம்பெனியே வைத்துக்கொண்டு, விற்கக் கூடாது என்ற நிபந்தனையோடு எல்லோருக்கும் விடுவது. மூன்றாம் படி, மனசிருந்தால் நிரலையும் விடுவது. நம் நாட்டுக் காப்புரிமைச் சட்டத்தின் 21ஆம் பிரிவுப்படி உரிமை பெற்ற ஆசிரியர் தன் உரிமையைப் பொது அறிவிப்பு கொடுத்தே விட்டுவிடலாம் (2012 திருத்தத்தில் வந்த வசதி) என்பதையும் எழுதினேன். அதே சட்டம் எழுதியவர் காலத்துக்குப் பிறகும் 60 வருஷம் காப்பு கொடுக்கிறது. பிளாப்பி அத்தனை நாள் தாங்குமா?

எங்க ஊர்க் கதை ஒன்றையும் சேர்த்தேன். இங்கே குலசேகரமுடையார் கோயில் நடராசர் சிலை 1982ல் திருட்டுப் போயிற்று. ஆஸ்திரேலியாவில் அடிலெய்டு கலைக்கூடத்தில் இருந்து 2019 செப்டம்பரில் திரும்பி வந்தது. அது நம்முடையதுதான் என்று காட்ட உதவியது, புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தார் முன்னே எடுத்து வைத்திருந்த புகைப்படம். போட்டோவைப் பார்க்கக் கண் இருந்தால் போதும். பூட்டும் வேண்டாம், வரிசை எண்ணும் வேண்டாம். அந்தப் போட்டோ எங்க தாத்தா கோப்பு மாதிரி ஒரு பொட்டிக்குள் பூட்டிக் கிடந்திருந்தால் சாமி ஊர் வந்து சேர்ந்திருக்குமா என்று கேட்டேன்.

முதல் தடவை போன் செய்தபோது, "தம்பி, அதை நாங்க விட்டு ரொம்ப வருஷமாச்சு, சப்போர்ட் கிடையாது" என்று வைத்துவிட்டார்கள். கடிதத்துக்கு இரண்டு மாதம் பதிலில்லை. மறுபடி எழுதினேன். மூன்றாவது கடிதத்துக்கு ஒரு மூத்த அதிகாரி போனில் வந்தார். அவர் தயங்கியதற்குக் காரணம் இருந்தது. உள்ளே சில பகுதி வேறு கம்பெனியிடம் வாங்கிப் போட்டது, அதை விட எங்களுக்கு உரிமை இல்லை. எழுத்துரு வடிவத்தை இன்னும் வேறு பேரில் விற்கிறோம். இலவசமாக விட்டால் "இது ஓடலை, அது ஓடலை" என்று நாளைக்கு எங்களையே கேட்பார்கள். மூன்றும் நியாயமான பேச்சுதான். ஆனால் மூன்றுமே முதல் படிக்குப் பொருந்தாது. அட்டவணையில் வேறு யார் உரிமையும் இல்லை, எழுத்தின் வடிவமும் இல்லை, சப்போர்ட் கேட்க ஒன்றுமே இல்லை. "அப்போ அதை மட்டுமாவது குடுங்க சார்" என்றேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. "பழைய ஃபைல்ல இருக்கும், பாக்குறேன்" என்றார்.

பத்து நாளில் இரண்டு பக்க ஸ்கேன் வந்தது. 256 கட்டமும் கையால் எழுதியது. யாரும் பயன்படுத்திக்கொள்ளலாம் என்று ஒரு வரி தனியாகக் கேட்டேன், அதையும் எழுதிக்கொடுத்தார் (சிபி/எம் பாடம்!). ஏழு குறியும் கிடைத்துவிட்டன. காணியா அரைக்காணியா என்று நாங்கள் வாரக்கணக்கில் சண்டை போட்ட குறி அரைக்காணி. இந்தப் பின்னங்களுக்கு 2019ல் வந்த யூனிகோடு 12ல் இடம் கொடுத்துவிட்டார்கள். ஆகவே தாத்தா அடிக்கச் சொன்ன அதே குறியிலேயே 112 பக்கத்தையும் மாற்ற முடிந்தது. பைத்தானில் தொண்ணூறு வரி, அவ்வளவுதான். பிரிண்ட் எடுத்து ஆச்சிக்குப் படித்துக் காட்டினேன். ஒரு மடை பேர் வந்ததும் "அது எங்க அப்பா வயலுக்குப் பாயுறதுல்லா" என்றாள். அந்த மடை இப்போது எங்கே என்று வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. பக்கத்தில் அளவும் திசையும் இருக்கிறது, லீவில் போய்த் தேட வேண்டும்.

இரண்டாம் படிக்கு இன்னும் பதில் வரவில்லை. விடப்போவதில்லை. அட்டவணை வந்ததால் எங்க கோப்பு பிழைத்தது, பக்கங்களின் அமைப்பும் கட்டமும் கோடும் போனது போனதுதான். அவையும் வேண்டுமென்றால் மென்பொருளே ஓட வேண்டும். அதே மென்பொருளில் அடித்த கோப்புகள் இன்னும் எத்தனை ஊரில் கிடக்கின்றனவோ தெரியாது.

உங்களிடம் கேட்பது இதுதான். வீட்டுப் பரணில், பீரோவில், மூடிப்போன அச்சகத்தில் பிளாப்பியோ சீடியோ கிடந்தால் தூக்கிப் போடாதீர்கள். முதலில் நகல் எடுங்கள். எந்த மென்பொருள், எந்த எழுத்துரு, எந்த வருஷம் என்று அடித்தவரிடம் கேட்டு ஒரு தாளில் எழுதி அதோடு வையுங்கள், அவருக்கு ஞாபகம் இருக்கும்போதே. பிறகு கம்பெனிக்கு ஒரு கடிதம் போடுங்கள். வீட்டையே எழுதிக்கொடு என்று கேட்டால் யாரும் கொடுக்க மாட்டார்கள். எங்கள் சாமான் உள்ளே மாட்டிக்கொண்டது, சாவியைக் கொஞ்சம் கொடுங்கள் என்று கேட்டுப் பாருங்கள். முதல் கடிதத்துக்குப் பதில் வராது. மூன்றாவதுக்கு வரலாம்.